பீனாவின் ஒன்பது பாட்டுகள்

கைனகரி
6 ஜூலை 2002

புஷ்கரேட்டனுக்கு,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். நலமில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை வயல்கரை உடைந்து தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டில் மேல் பெஞ்சைப் போட்டு, பீனாவை அதில் தூக்கி உட்கார வைத்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டி முழுகிப் போயிருந்தது. உங்கள் தங்கையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்று கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைப் பக்கத்து வீட்டுத் தோமாச்சனின் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு படகு ஜெட்டிப் பக்கத்துச் சாஜனின் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். "சேச்சி, ஹார்ட் டிஸ்க் செத்துப் போச்சு. புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தரேன். உள்ள இருந்ததெல்லாம் போனது போனதுதான்" என்றான். பீனாவின் பாட்டுகள் இருக்கிற சிடி அலமாரியில் நனையாமல் இருந்தது. மவுசை வைத்து நான் அழுத்தினால் ஒவ்வொன்றும் பாடுகிறது. ஆனால் நீங்கள் எழுதின புரோகிராம் அந்தச் சிடியில் இல்லை.

நீங்கள் பெண் பார்க்க வந்தபோது, தங்கச்சிக்குக் கொஞ்சம் நடக்க முடியாது என்று மட்டும்தான் உங்கள் மாமா சொன்னார். பேச்சு வராது, கை அவள் நினைத்த இடத்துக்குப் போகாது என்று எல்லாம் தாலி ஏறின பிறகுதான் தெரிந்தது. அதையும் நான் குறை சொல்லவில்லை. நீங்கள் பிளைவுட்டில் ஒன்பது துளை போட்டுக் கீபோர்டு மேல் மாட்டிக் கொடுத்தீர்கள். அவள் கையை மடக்கித் தட்டுவாள். ஏதோ ஒரு துளையில் விழும், ஒரு பாட்டு வரும். வேண்டாத பாட்டு என்றால் மறுபடி தட்டுவாள், பழையது நின்று புதியது வரும். வேண்டியது வந்ததும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். படகுப்போட்டியில் பாடுகிற வள்ளங்களிப் பாட்டு என்றால் தண்ணீர். செண்டை மேளம் என்றால் பசி. சர்ச்காரர்களின் சவ ஊர்வல பேண்டு என்றால் எங்கோ வலி. அதுதான் அவள் வாய்.

இப்போது தட்டுகிறாள், ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டுகிறாள். பிறகு தலையைச் சுவரில் முட்டுகிறாள். மவுசை அவளால் பிடிக்க முடியாது என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பாடம் எடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள் கேஸ் ஆனதிலிருந்து என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். ஹர்த்தால் கடையடைப்பு அன்று படகு டிக்கெட் கூண்டை எரித்தது ஒரு கூட்டம், உள்ளே போனது நீங்கள் ஒருவர். "இன்னிக்கு வெளிய போகாதீங்க சேட்டா" என்று வாசல்படியில் நின்று சொன்னேனே, காதில் விழுந்ததா?

அவளை விட்டுவிட்டு நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர முடியாது. எழுதுங்கள்.

ஜலஜா

*

மத்தியச் சிறை
11 ஜூலை 2002

ஜலஜா,

பெட்டியைத் தரையில் வைக்காதே, மேசைமேல் வை என்று எத்தனை தடவை சொன்னேன். சரி, விடு. நான் அங்கே இருந்து கத்த வேண்டியதை இங்கே இருந்து கத்துகிறேன்.

பயப்படாதே. அது சின்னப் புரோகிராம்தான். சி மொழியில் பாட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை. விண்டோஸிடம் "இந்தப் பாட்டைப் பாடு" என்று ஒரு வரியில் கேட்டால் அது பாடும். மீதி எல்லாம் எந்தக் கீ விழுந்தால் எந்தப் பாட்டு என்கிற கணக்குத்தான். எந்தத் துளைக்கு எது என்று எனக்கு மனப்பாடம்.

உனக்கு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் ஆன கை இருக்கிறது. அது போதும். அலமாரியில் மஞ்சள் உறை போட்ட சிடி இருக்கும், கம்பைலர். நாம் எழுதினதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது அதுதான். சாஜனிடம் சொல்லி ஏற்றிக்கொள். பிறகு கீழே இருப்பதை ஒரு புள்ளி விடாமல் அப்படியே தட்டு:

■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■

இவ்வளவுதான். இதைத் தட்டி ஓட்டினால் அவள் பேசுவாள். அவளிடம் சொல், அண்ணன் எழுதி அனுப்பிவிட்டான் என்று.

புஷ்கரன்

*

கைனகரி
17 ஜூலை 2002

புஷ்கரேட்டனுக்கு,

கடிதம் வந்தது. பாதிப் பக்கம் கன்னங்கரேல் என்று மை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தீபத்துக்கு மேலே காட்டிப் பார்த்தேன், ஒரு எழுத்து தெரியவில்லை. கடைசியில் "இவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்து பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சோசாம்மா சேச்சி வந்து பார்த்துவிட்டு, "என்ன மோளே, உன் ஆளு கெட்ட வார்த்தையா எழுதினான்?" என்று கேட்டாள்.

அண்ணன் எழுதி அனுப்பிவிட்டான் என்று பீனாவிடம் சொல்லச் சொன்னீர்கள். கடிதம் கையில் கிடைத்ததும் பிரிக்காமலேயே சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து விடிந்ததும் பலகைக்கு முன்னால் உட்கார வைக்கச் சொல்லி இழுக்கிறாள். உட்கார வைக்கிறேன். தட்டுகிறாள். இப்போதெல்லாம் பசியா, தாகமா, சிறுநீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் முகத்தைப் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உதட்டைக் கோணுகிறாள். நான் தப்பாகவே புரிந்துகொள்கிறேன் என்று அவளுக்குக் கோபம். நேற்று என் கையைக் கடித்துவிட்டாள்.

மை பூசினவரிடம் சொல்லுங்கள், இங்கே ஒருத்தியின் வாயில் பூசியிருக்கிறார் என்று.

ஜலஜா

*

மத்தியச் சிறை
22 ஜூலை 2002

ஜலஜா,

உன் கடிதத்தைக் குருப்பு சார் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். இங்கே கடிதங்களைப் பார்க்கும் அதிகாரி அவர்தான். என் பழைய கடிதத்தின் நகலை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

"என்னடா இது? சுருட்டைச் சுருட்டையா, புள்ளியும் வாலுமா? வெடிகுண்டு செய்யற முறையா?"

"இல்ல சார், பாட்டுப் போடற புரோகிராம்."

"பாட்டுப் போடறதுக்கு இவ்வளவு பூச்சி எதுக்கு? எங்க வீட்டு டேப்ல ஒரு பட்டன்தான் இருக்கு."

பீனாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்கு மேல ஆள் இருக்கு. புரியாததை விட்டா என் வேலை போகும். நீ எல்லாத்தையும் பேச்சா எழுது. எனக்குப் புரியணும். புரிஞ்சா விடறேன்" என்றார்.

அதனால் வாத்தியார் மாதிரி சொல்லிக்கொண்டு வருகிறேன், நீ தட்டிக்கொண்டே வா. இந்தத் தாளோடு இன்னும் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். மெயின் என்று ஆங்கிலத்தில் எழுது. வளைந்த அடைப்பைத் திற, உடனே மூடு. அடுத்த வரியில் சுருள் அடைப்பைத் திற. இதை இப்போது மூடாதே, கடைசி வரியில்தான் மூடுவாய், மறந்தால் எதுவும் ஓடாது. ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் அரைப்புள்ளி. உலையை இறக்கினால் மூடி போடுகிற மாதிரி, கை தானாகப் போட வேண்டும். பாட்டுப் போடுகிற வரியில் அடைப்புக்குள் இரண்டு விஷயம் வரும்: முதலில் பாட்டு இருக்கிற இடம், பிறகு கமா, பிறகு ஒரு சுழியம்.

அந்தச் சுழியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புரோகிராமில் புதுப் பாட்டு வந்தால் பழையது நின்றுவிடும். அதற்குச் சுழியம் இருக்கும் இடத்தில் ஒரு நீளமான வார்த்தை போட வேண்டும், எல்லாம் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு. அதைப் பார்த்தால் குருப்பு சார் மறுபடி மைக்கூட்டை எடுப்பார். சுழியம் என்றால் ஒரு பாட்டு முடியும் வரை காத்திருந்து அடுத்ததுக்குப் போகும். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். முதலில் பாடட்டும்.

உன் கை காயத்துக்கு மஞ்சள் போட்டாயா?

புஷ்கரன்

*

கைனகரி
1 ஆகஸ்ட் 2002

புஷ்கரேட்டனுக்கு,

மஞ்சள் போட்டேன். ஆறிவிட்டது.

மூன்று தாளும் மை இல்லாமல் வந்தது. தட்டினேன். அரைப்புள்ளி இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, போட்டிருக்கிறேன் என்று நான் சொல்கிறேன். இந்தச் சண்டையில் நாலு நாள் போயிற்று. அது சொல்கிற வரியில் தப்பு இல்லை, அதற்கு மேல் வரியில் இருக்கிறது. அதை நீங்கள் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். உங்கள் மாணவர்கள் எப்படிப் பாஸ் ஆனார்கள் என்று எனக்கு இப்போது சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டது. பீனாவைத் தூக்கிக்கொண்டு வந்து பலகைக்கு முன்னால் உட்கார வைத்தேன். தட்டினாள்.

டிங்.

அவ்வளவுதான். எந்தத் துளையில் விழுந்தாலும் டிங். முதலில் அவள் சிரித்தாள், ஏதோ புது விளையாட்டு என்று. டிங், டிங், டிங். பிறகு நின்றுவிட்டது சிரிப்பு. என்னைப் பார்த்தாள். என்னடி செய்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. ஏட்டா, நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதோம். யார் யாரைத் தேற்றுவது?

பாட்டுகளை நான் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன். மவுசை அழுத்தினால் பாடுகிறது. உங்கள் புரோகிராம் கேட்டால்தான் டிங் என்கிறது. உங்கள் மேல் அதற்கும் கோபமோ என்னவோ.

ஜலஜா

*

மத்தியச் சிறை
6 ஆகஸ்ட் 2002

ஜலஜா,

அழாதே. டிங் என்பது நல்ல செய்தி. கேட்ட பாட்டு கிடைக்காவிட்டால் விண்டோஸ் சும்மா இருக்காமல் தானாக டிங் என்று ஒரு சத்தம் போட்டு வைக்கும். வாய் திறந்துவிட்டது. பாட்டு எந்த அறையில் இருக்கிறது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

பாட்டு இருக்கும் இடத்தை எழுதும்போது நடுவில் சாய்கோடு வருகிறது இல்லையா, வலமிருந்து இடப்பக்கம் மேலே போவது? சி மொழியில் அந்தக் கோடு ஒன்று மட்டும் வந்தால் வேறு எதற்கோ சைகை என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு போட்டால்தான் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்திலும் இரட்டையாக்கு. சென்டரில் முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு இது, உனக்குச் சொல்லாமல் விட்டது நான்.

மேல் வரியில் தப்பு இருக்கும் என்று நீயே கண்டுபிடித்ததைப் படித்து, பக்கத்து செல் ஆளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவன் பசு திருடி வந்தவன். "உங்க வீட்டம்மா பெரிய ஆளுதான்" என்றான்.

இங்கே ரேடியோவில் மாலை பாட்டுப் போடுவார்கள். வேண்டாத பாட்டு வந்தால் என் கை தானாக மடங்கித் தொடையில் தட்டுகிறது.

புஷ்கரன்

*

கைனகரி
13 ஆகஸ்ட் 2002

புஷ்கரேட்டனுக்கு,

பாடிவிட்டது! பாடிவிட்டது! சாய்கோட்டை இரட்டையாக்கி ஓட்டினேன், பீனா தட்டினாள், வள்ளங்களிப் பாட்டு முழங்கியது பாருங்கள், வாத்துகள் எல்லாம் தோட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டன. அவள் கத்தின கத்தலில் சோசாம்மா சேச்சி மீன் அரிவாளோடு ஓடி வந்தாள்.

ஆனால் நீங்கள் சொன்ன சுழியம் இருக்கிறதே, அது படுத்துகிற பாடு. ஒரு பாட்டு தொடங்கினால் முடியும் வரை நிற்பதில்லை. வேண்டாத பாட்டு வந்தால் அவள் பழைய வழக்கப்படி தட்டிக்கொண்டே இருக்கிறாள். தட்டினதெல்லாம் உள்ளே ரேஷன் கடை வரிசை மாதிரி நிற்கிறது. ஒவ்வொன்றாக, முழுதாக, அதன் இஷ்டத்துக்கு வருகிறது. காலையில் கேட்ட தண்ணீர் மத்தியானம் வருகிறது. எது அவள் கேட்டது, எது கை தவறி விழுந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? நேற்றுச் செண்டை மேளம் வந்தது, கஞ்சி கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டாள். எப்போதோ பசித்தபோது தட்டினது அது.

பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு. "என்ன ஜலஜே, உங்க வீட்ல மட்டும் தினமும் திருவிழாவா?" என்கிறார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்.

நிறுத்தி மறுபடி ஓட்டினால் வரிசை அழிந்துபோகிறது, ஆனால் அவள் கேட்டதும் அதோடு போய்விடுகிறது. அந்த நீள வார்த்தையைச் சீக்கிரம் அனுப்புங்கள். அவளுக்கு இப்போது வாய் இருக்கிறது, ஆனால் நேற்றுப் பேசினது இன்று வருகிறது.

பீனா கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கர்க்கடக மாதம், மழை, எல்லாருக்கும் அப்படித்தான்.

ஜலஜா

*

மத்தியச் சிறை
19 ஆகஸ்ட் 2002

ஜலஜா,

வாத்துகளைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இங்கே வந்த பிறகு சிரித்தது அதுதான்.

திருத்தம் ஒரே இடத்தில்தான். பாட்டுப் போடுகிற வரியின் கடைசியில் இருக்கும் சுழியத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இப்படிப் போடு:

■■■■■■■■■■■

எல்லாம் பெரிய எழுத்து, அடிக்கோட்டை விட்டுவிடாதே. இதைப் போட்டால் விண்டோஸ் பாட்டைத் தொடங்கிவிட்டு உடனே கையைக் காலியாக்கிக்கொள்ளும். அடுத்த தட்டு விழுந்ததும் பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கும். வரிசை நிற்காது.

குருப்பு சார் ஓணத்துக்கு லீவில் போகிறார். புதிதாக ஒருவர் பார்ப்பாராம். அதுதான் கொஞ்சம் பயம். ஆனாலும் வார்த்தை ஒன்றுதானே.

சாப்பிடாவிட்டால் விடாதே, கப்பைக்கிழங்கை மசித்து மீன் சாற்றில் பிசைந்து கொடு, அவளுக்குப் பிடிக்கும். ஓணத்துக்கு நான் இல்லாதது இதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் புதுத் துணி உடுத்துங்கள்.

புஷ்கரன்

*

கைனகரி
31 ஆகஸ்ட் 2002

புஷ்கரேட்டனுக்கு,

திருவோணத்துக்கு மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. வார்த்தை இருந்த இடத்தில் மை. வார்த்தை ஒன்றுதானே என்று நீங்கள் எழுதியிருந்தது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

போன சனிக்கிழமை மத்தியானம் நான் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கல்யாண நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது, உங்களுக்குத் தெரியுமே, சந்தோஷமாக இருக்கிறேன் என்பதற்கு வைத்தது. அது முடிந்து வள்ளங்களி. அது முடிந்து மறுபடி நாதஸ்வரம். சரி, இன்றைக்குக் குஷியாக இருக்கிறாள் என்று நானும் முணுமுணுத்துக்கொண்டே துணியை அடித்தேன். பாட்டு ஓடுகிறது என்றால் அவள் நன்றாக இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள், வேறு என்ன அர்த்தம் செய்துகொள்ள முடியும்?

துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே போனேன். பலகைமேல் தலை கிடந்தது. உடம்பு தீயாகக் கொதிக்கிறது, வயிற்றில் கை வைத்தால் துள்ளுகிறாள். கைமுட்டியில் தோல் உரிந்து ரத்தம், பிளைவுட் துளையைச் சுற்றி ரத்தம். அவ்வளவு நேரமும் தட்டியிருக்கிறாள். நாதஸ்வரம் பாடிக்கொண்டே இருக்கிறது.

"தோமாச்சா!" என்று கத்தினேன். அவரும் சேச்சியும் வந்து நாற்காலியோடு தூக்கினோம். மோட்டார் வள்ளத்தில் ஏற்றினோம், தோமாச்சன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்போது வீட்டுக்குள் இருந்து சவ ஊர்வல பேண்டு தொடங்கியது. வலிக்கிறது, வலிக்கிறது என்று வீட்டுக்குள்ளே அவள் சொல்கிறாள், அவள் என் மடியில் கிடக்கிறாள். சேச்சி சிலுவை போட்டுக்கொண்டாள். தோட்டு வாய்க்கால் திரும்புகிற வரைக்கும் கேட்டது.

குடல்வால் வெடித்துச் சீழ் பரவிவிட்டது என்றார்கள். மெடிக்கல் காலேஜில் வயிற்றைத் திறந்து கழுவியிருக்கிறார்கள். இன்னும் நினைவு சரியாக வரவில்லை, சேச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். "எப்ப வலி ஆரம்பிச்சது?" என்று டாக்டர் கேட்கிறார். "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருப்பாளே?" என்கிறார். சொல்லியிருப்பாள் டாக்டர். எந்தப் பாட்டுக்குப் பின்னால் நின்றதோ.

எனக்கு உங்கள் மேல்தான் கோபம். மை பூசினவர் மேல் இல்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்த ஆள் வீட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஜலஜா

*

மத்தியச் சிறை
6 செப்டம்பர் 2002

ஜலஜா,

பரோல் கேட்டேன். போலீஸ் ரிப்போர்ட் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். சோற்றைத் தொடவில்லை என்று எழுதினால் உனக்கு அதில் என்ன லாபம், அதனால் எழுதவில்லை.

குருப்பு சார் லீவு முடிந்து வந்துவிட்டார். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வார்டரை அனுப்பாமல் தானே செல்லுக்கு வந்தார். "அந்த வார்த்தை என்னடா, சொல்லு" என்றார். சொன்னேன். "அதுக்கு வேற பேரே இல்லையா? சாதாரணமா எழுத முடியாதா?" என்று கேட்டார்.

அப்போதுதான், ஜலஜா, எனக்கு உறைத்தது. அந்த நீள வார்த்தை ஒரு பெயர்தான். அதற்குள்ளே இருப்பது ஒரு எண். ஒன்று. வெறும் ஒன்று. சுழியத்தை எடுத்துவிட்டு ஒன்று என்று போட்டிருந்தாலே போதும், அதே வேலையைச் செய்யும்.

ஐந்து வருஷமாகச் சென்டரில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் நான் தொண்டை கிழியச் சொல்வது இதுதான்: எண்ணை எழுதாதே, பெயரை எழுது, எண்ணை எழுதுகிறவன் சோம்பேறி, நாளைக்குப் படிக்கிறவனுக்குப் புரியாது. எண்ணைப் போட்ட பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் எனக்கு அந்த எண் நினைவுக்கே வரவில்லை. சுழியத்தை உனக்கு எழுதின அதே கை, ஒன்று என்று எழுதவில்லை.

குருப்பு சாரிடம் சொன்னேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ஒன்னா? வெறும் ஒன்னாடா? அதை நான் எதுக்குடா அடிக்கப் போறேன்?" என்றார்.

சுழியத்தை எடு. ஒன்று போடு. அவள் கண் திறந்தாளா? ஒரு கார்டாவது போடு.

புஷ்கரன்

*

கைனகரி
27 செப்டம்பர் 2002

புஷ்கரேட்டனுக்கு,

கண் திறந்துவிட்டாள் என்று கார்டு போட்டேன், கிடைத்திருக்கும். போன வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். பாதியாகிவிட்டாள். கஞ்சித் தண்ணீர் இறங்குகிறது.

ஒன்று போட்டேன். பழையபடி ஓடுகிறது. தட்டினால் பழையது நிற்கிறது, புதியது வருகிறது. வரிசை இல்லை. இரண்டு மூன்று நாள் அவள் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் தட்டிக் காட்டினேன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நம்பிக்கை போய்விட்டது, நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை அவளாகவே கையைத் தூக்கினாள். செண்டை வந்தது, தட்டினாள். நாதஸ்வரம் வந்தது, தட்டினாள். பேண்டு வந்தது, நான் எழுந்துவிட்டேன், அதையும் தட்டித் தள்ளினாள். கை நடுங்கி நடுங்கி எங்கெங்கோ விழுகிறது. வியர்க்கிறது. விடவில்லை. கடைசியில் உங்கள் பாட்டு வந்தது. நம் ஊர்க் கலாசமிதி ஆண்டு விழாவில் மைக் கீச்சிட, சுதி விலகி நீங்கள் பாடினீர்களே, அது. புஷ்கரேட்டனைக் கூப்பிடு என்பதற்கு அவளே தேர்ந்தெடுத்து வைத்தது.

கையை எடுத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். பாட்டு முடியும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் இதேதான். தண்ணீர் கேட்பதில்லை, சோறு கேட்பதில்லை. தேடித் தேடி அந்த ஒரு பாட்டு. வாய் இல்லாமல் இருந்தபோது, அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது, ஏதோ ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தேன். இப்போது நன்றாகத் தெரிகிறது. கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? நீங்கள் வெளியே வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறதே.

எனக்குத் தாங்கவில்லை ஏட்டா. உங்கள் குரல் வீட்டுக்குள் பாடுகிறது, நான் அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஒரு பாட்டைப் புரோகிராமில் இருந்து எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். எந்த வரியில் இருந்து எந்த வரி வரை எடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். தப்பாக எடுத்தால் மற்ற எட்டும் போய்விடுமோ என்று பயம். உங்களைக் கேட்காமல் எடுக்கவும் மனம் வரவில்லை.

ஜலஜா

*

மத்தியச் சிறை
3 அக்டோபர் 2002

ஜலஜா,

நீ கேட்டது நியாயம்தான். கிடைக்காத ஒன்றைக் கேட்கிற வார்த்தை வாயில் எதற்கு? அவளும் கொஞ்ச நாளில் மறந்துவிடுவாள். நீ எடுக்க வேண்டியது இது:

■■■■■■■■■■■■■■■■■■■
■■■■■■■■■■■■■■

எடுத்த பிறகு ஒரு தடவை கம்பைல் செய்து ஓட்டிப் பார், மற்ற எட்டும் பாடுகிறதா என்று.

குருப்பு சார் அவளை விசாரித்தார். மழை குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெட்டி இப்போது மேசைமேல்தானே இருக்கிறது?

புஷ்கரன்

*

கைனகரி
9 அக்டோபர் 2002

புஷ்கரேட்டனுக்கு,

பெட்டி மேசைமேல்தான் இருக்கிறது.

கடிதத்தில் நடுவில் இரண்டு வரிக்கு மை பூசியிருந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, இந்தக் குருப்பு சார் இன்னும் திருந்தவில்லையா என்று. பிறகு பார்த்தேன். அவருடைய மை கறுப்பு, தூரிகையால் பட்டையாக இழுப்பார். இது நீலம். பேனாவால் கிறுக்கிக் கிறுக்கி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தியிருக்கிறது. நீங்கள் எழுதுகிற அதே பேனா.

அழுத்தி எழுதுகிறவர் நீங்கள். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து கைக்குத் தெரியும். நான் திருப்பவில்லை.

இன்றைக்கும் தேடினாள். சீக்கிரமே கிடைத்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்து வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். நீங்கள் பாடி முடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன், குடித்தாள்.

ஜலஜா